கல்லறைச் சுவரில் எட்டடி

கடப்பாரையை அங்கே வைக்காதீர்கள் மேஸ்திரி. சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறேன் பாருங்கள், இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடு வரை எட்டடி. மற்றதையெல்லாம் இடியுங்கள். வடக்கு மூலை வரைக்கும் இடியுங்கள், வாசல் தூணைக்கூட இடியுங்கள், நான் கேட்க மாட்டேன். இந்த எட்டடியை மட்டும் விட்டுவிடுங்கள்.

சாமியார் முழுச் சுவரையும் இடிக்கச் சொன்னார் என்பது எனக்குத் தெரியாதா? அந்தத் தீர்மானத்தில் முதல் கையெழுத்தே என்னுடையதுதான். கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை, சுவரை மேற்கே முப்பதடி தள்ளிக் கட்டவேண்டும் என்று பதினாலு வருடமாக ஆயர் இல்லத்துக்கு மனு எழுதியவனும் நான்தான். அனுப்புநர் ஞானாதிக்கம், அனுப்புநர் ஞானாதிக்கம் என்று எழுதி எழுதி அங்கே இருக்கிற குமாஸ்தாவுக்கு என் கையெழுத்து மனப்பாடம். அதே ஞானாதிக்கம் இன்றைக்கு வந்து கடப்பாரையைப் பிடித்தால் உங்களுக்குக் கிறுக்கனாகத்தான் தெரியும். தெரியட்டும். உங்கள் ஆட்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு இடிக்கலாமா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

சுவருக்கு இந்தப் பக்கம், வெளியே, கருவேலை வெட்டிய இடத்தில் ஒரு மண்மேடு இருக்கிறதே, அது என் தம்பி பிலவேந்திரன். இருபது வயதில் படுத்தவன். சுவருக்கு அந்தப் பக்கம், உள்ளே, கறுப்புக் கல் பதித்த கல்லறை சந்தியாகு அம்பலத்தினுடையது. அம்பலம் என்றால் ஊர்ப்பெரியவர். உங்கள் பக்கம் நாட்டாமை என்பீர்களே, அது. அவருடைய தலைமாட்டுக்கும் என் தம்பியின் கால்மாட்டுக்கும் நடுவில் மூன்றடி. அந்த மூன்றடியில் ஒன்றரை அடி இந்தச் சுவர். இந்தச் சுவர் போய்விட்டால் நடுவில் ஒன்றும் இல்லை. அதுதான் விஷயம்.

என் தம்பி மருந்து குடித்துச் செத்தான். முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவன், இரண்டு நாள் லீவில் வந்தான். தூங்கினான், சாப்பிட்டான், என் மீசையைப் பார்த்துக் கிண்டல் செய்தான். ஏன் மருந்தைக் குடித்தான் என்று இன்றுவரைக்கும் தெரியாது. அன்றைக்குக் காலையில் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டான், தண்ணீர் முழுக்க ரோட்டில் ஓடியது. “இப்படி இருக்கிறதுக்குச் செத்துத் தொலையலாம்டா” என்று சொன்னேன். எல்லா வீட்டிலும் சொல்கிற பேச்சுதான். நீங்கள் உங்கள் தம்பியைச் சொன்னதில்லையா? அதை விடுங்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நான் சொல்ல வந்தது அம்பலத்தைப் பற்றி.

மத்தியானம் போய்விட்டான். யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, அப்போது பங்குச் சாமியாராக இருந்த லெயோ சாமியார் வந்தார். மென்மையான மனிதர். எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். ஐந்து நிமிடம் கழித்து வந்து, “அடக்கத்துக்கு ஆக வேண்டியதைப் பாருங்க. நானே வந்து மந்திரிக்கிறேன்” என்றார். அதற்குள் அம்பலம் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். ஆறடி உயரம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிலைப்படியை அடைத்தமாதிரி நின்றார்.

“சாமி, நீங்க மூணு வருசத்துல மாறிப் போயிருவீங்க. நாங்க இங்கதான் கிடக்கணும். மருந்தக் குடிச்சவன இன்னிக்கு உள்ள வச்சா, நாளைக்கு வீட்டுக்கு வீடு பாட்டிலத் திறப்பான்.”

“தீர்ப்புச் சொல்றது ஆண்டவர் வேலை, சந்தியாகு.”

“தீர்ப்ப அவர் சொல்லட்டும் சாமி. சாவி எங்கிட்டதான இருக்கு.”

சாவி என்றால் கல்லறை வாசல் சாவி. தூம்பா வைத்திருக்கும் அறைச் சாவியும் அவரிடம்தான். தூம்பா என்றால் செத்தவர்களைத் தூக்கிப்போகிற பல்லக்கு. ஊருக்கே ஒன்றுதான், கோவிலுக்குச் சொந்தம். என் அம்மா அவர் காலில் விழுந்தாள். “ஒரு மூலையில போட்டுக்கிறேன் அம்பலமே, நாய் நரி தோண்டாத இடமாக் குடுங்கய்யா” என்றாள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “எந்திரி ஆத்தா. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். நாளைக்கு எனக்கே ஆனாலும் ஒண்ணுதான்” என்றார்.

எனக்கே ஆனாலும். இந்த வார்த்தையை நான் மறக்கவில்லை மேஸ்திரி. ஒன்பது வருடம் வைத்திருந்தேன்.

கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கினோம். ஏழு பேர். துக்க மணி இல்லை, சிலுவை இல்லை. சாமியார் அங்கி போடாமல் கையில் செபமாலையோடு பின்னால் நடந்து வந்தார். இந்த இடத்தில் முள்ளை வெட்டி நான்தான் குழி தோண்டினேன்.

உங்களுக்கு எங்கள் வேதத்து வழக்கம் தெரியாது. வெளியில் புதைத்தால் என்ன, மண் மண்தானே என்று நினைப்பீர்கள். உங்களுக்கு மறுபிறவி உண்டு. இதில் விட்டதை அடுத்ததில் பிடித்துக்கொள்ளலாம். எங்களுக்கு ஒரே தடவைதான். செத்தால் மோட்சம், இல்லாவிட்டால் நரகம். நடுவில் உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று இருக்கிறது. சில்லறைப் பாவம் உள்ளவர்கள் அங்கே வெந்து சுத்தமாகி மேலே போவார்கள். சாவான பாவத்தோடு போகிறவனுக்கு அதுவும் கிடையாது, நேரே கீழே. தன் உயிரைத் தானே எடுப்பது சாவான பாவம். மனம் வருந்துவதற்கு, மனஸ்தாபப்படுவது என்போம், அதற்கு அவனுக்கு நேரம் இல்லையே. அதனால்தான் சாகக் கிடக்கிறவனுக்குச் சாமியாரைக் கூப்பிட ஓடுவோம். அவர் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு, அதாவது அவன் செய்த பாவங்களை அவன் வாயால் சொல்லக் கேட்டு, நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசுவார். அவஸ்தை பூசுவது என்போம். அது கிடைத்துவிட்டால் எப்பேர்ப்பட்டவனும் தப்பித்துவிடுவான். கிடைக்காவிட்டால் அவன் பாடு.

இப்போது வருகிற சாமியார்கள் இப்படிச் சொல்வதில்லை. கடவுள் அன்பானவர், கடவுள் அன்பானவர் என்கிறார்கள். அன்பானவர்தான். என் அம்மா கடைசிவரை தினமும் கேட்டாள்: “ஏலே ஞானம், எரிஞ்சுக்கிட்டு இருப்பானா?” நான் என்ன சொல்வேன்? இரண்டு வருடத்தில் அவளும் போனாள். அவளுக்கு உள்ளே இடம் கிடைத்தது. என் தம்பியை விட்டுவிட்டு உள்ளே போக மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். நான்தான் உள்ளே வைத்தேன். சரியா தவறா தெரியவில்லை.

ஒன்பதாவது வருடம் அம்பலம் படுத்தார். நுரையீரலில் நீர். ஊரில் அப்போது மோட்டார் வண்டி என்னிடம் ஒன்றுதான். செல்போன் எல்லாம் கிடையாது. மத்தியானம் மூன்று மணி இருக்கும், அவர் மருமகள் செசிலி மூச்சு வாங்க வந்தாள்.

“அண்ணே, மாமாவுக்கு இழுத்துக்கிட்டிருக்கு. சாமியாரக் கூட்டியாரணும். உங்களத்தான் போகச் சொல்றாக.”

“ஒம் புருசன் இல்லையா?”

“அவுக சைக்கிள எடுத்தாகண்ணே, மாமாதான் வேணாம்னுட்டாக. ஞானாதிக்கத்தக் கூப்பிடு, ஞானாதிக்கத்தக் கூப்பிடுன்னு ஒரே பிடிவாதம்.”

போனேன். அந்த வீட்டுக்குள் ஒன்பது வருடமாகக் கால் வைக்காதவன், நிலைப்படிக்கு வெளியே நின்றேன். கட்டிலிலிருந்து என்னைப் பார்த்தார். கையை நீட்டினார். நான் கிட்டே போனதும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த நிலைமையிலும் பிடி இரும்புதான். “சாமியாரக் கூட்டிக்கிட்டு நீயும் வா. உள்ள வா. வெளிய நிக்காத” என்றார்.

பாருங்கள். சாகும்போதும் அதிகாரம். நீ போ, நீ வா, உள்ளே வா, வெளியே நிற்காதே. என் தம்பியை வெளியே நிறுத்திய வாய் அது. எதற்காக என்னையே கூப்பிட்டார் என்று நினைக்கிறீர்கள்? என்னை வேலைக்காரனாக வைத்துப் பார்க்கத்தான். வேறு எதற்கு? நானும் பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். வேறு எதற்கும் இருக்காது.

வண்டியை எடுத்தேன். சாமியார் இருக்கிற பங்குக் கோவிலுக்குப் பதினோரு கிலோமீட்டர். பத்து கிலோமீட்டரை வேகமாகத்தான் போனேன். பொய் சொல்ல மாட்டேன், அதுவரைக்கும் என் மனதில் எதுவும் இல்லை. கடைத்தெருவில் சலூன் திறந்திருந்தது. உள்ளே முடிவெட்ட வந்த ஆள் யாரும் இல்லை, நாற்காலி காலியாக இருந்தது. வண்டி தானாக நின்றமாதிரி நின்றது.

“கட்டிங்கா, சேவிங்காண்ணே?” என்றான் சலூன்காரன்.

“ரெண்டும் பண்ணுப்பா. அவசரம் இல்ல.”

அவன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைச் சொன்னான். ஜாதகம் எங்கெங்கே போய் வந்தது, மாப்பிள்ளைக்கு ஒரு காது கேட்காது என்பதை எப்படிக் கண்டுபிடித்தான், எல்லாம் சொன்னான். நானும் கேள்வி கேட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு நிமிடமும் எனக்குத் தெரியும் மேஸ்திரி. ஒரு நிமிடம் போகப் போக அந்த ஆளுக்குப் பின்னால் ஒரு கதவைச் சாத்துகிறமாதிரி. மீசையை ஒதுக்கச் சொன்னேன். மறுபடியும் ஒதுக்கச் சொன்னேன். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் அம்பலமே என்று மனதுக்குள் சொன்னேன். இப்போது சாவி எங்கிட்ட இருக்கு.

ஏன் முகத்தைத் திருப்புகிறீர்கள்? நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

லெயோ சாமியார் இரண்டு ஊர் மாறிப் போய்விட்டு மறுபடியும் இங்கேயே வந்திருந்தார். வயதாகிவிட்டது. எண்ணெய்ச் சிமிழைப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார். திரும்பும்போது நான் மெதுவாக ஓட்டவில்லை. அது தேவையில்லை. கண்மாய்க் கரை ஏறும்போதே ஊரிலிருந்து மணி கேட்டது. ஒன்று விட்டு, ஒன்று விட்டு. துக்க மணி. என் உடம்பெல்லாம் குளிர்ந்துபோனது. சந்தோஷத்தில்தான். மறைக்க என்ன இருக்கிறது?

“முடிஞ்சிருச்சு போல இருக்கு” என்றார் சாமியார், என் முதுகுக்குப் பின்னாலிருந்து. கொஞ்ச தூரம் போனதும், “கழுத்துல பவுடர் ஒட்டியிருக்கு” என்றார். அவ்வளவுதான்.

வீட்டில் அழுகை. வாயைக் கட்டியாகிவிட்டது. கால் கட்டைவிரல்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சாமியார் நேரே போனார். எல்லோரும் கொஞ்சம் வெளியே இருங்கள் என்றார். நான் போகவில்லை. உள்ளே வா என்று அம்பலம்தானே சொன்னார், நிற்கிறேன் என்று நின்றேன். சாமியார் சிமிழைத் திறந்து, செத்துப்போன நெற்றியில் எண்ணெய் பூசினார். உள்ளங்கையில் பூசினார். ஏதோ சொல்லிக்கொண்டே பூசினார்.

அது என்ன நியாயம்? பஸ் போன பிறகு டிக்கெட் கொடுக்கிறமாதிரி.

அவரைத் திரும்பக் கொண்டுபோய் விடும்போது பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டேன். “சாமி, செத்தவனுக்குப் பூசினா எப்படி செல்லும்?”

“செத்துட்டான்னு யாரு சொன்னது? நாடி பாத்த நாட்டு வைத்தியரா? உயிர் முழுசா எப்பப் பிரியுதுன்னு எவனுக்கும் தெரியாது, ஞானம். அதனால ‘நீ உயிரோட இருந்தா’ன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லிப் பூசுவோம். உள்ள ஒரு பொட்டு மிச்சமிருந்தாக்கூட அது போதும். அந்தப் பொட்டுல அவன் மனஸ்தாபப்பட்டிருந்தா முடிஞ்சுது.”

“அவரு ஒரு நாளும் மனஸ்தாபப்பட மாட்டாரு.”

“அது உனக்கு எப்படித் தெரியும்?”

“அந்தப் பூசுனது செல்லாது சாமி. நான் ஒத்துக்க மாட்டேன்.”

சாமியார் வண்டியை விட்டு இறங்கினார். மைல்கல் மேல் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: “அன்னிக்கு உங்க வீட்ல கதவச் சாத்துனேனே, எதுக்குன்னு நெனச்ச? ஒந் தம்பிக்கும் இதத்தான் செஞ்சேன். அவன் போயி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருந்துச்சு. சந்தியாகுக்கு அரை மணிகூட ஆகல.”

புரிகிறதா மேஸ்திரி, என் நிலைமை? கையை நீட்டி எண்ணெய் பூசியது ஒரே ஆள். சிமிழ் ஒன்றுதான், சொன்ன வார்த்தையும் ஒன்றுதான். அந்த ஆளுக்குச் செல்லாது என்றால் என் தம்பிக்கும் செல்லாது, அவன் எரிந்துகொண்டிருக்கிறான். என் தம்பிக்குச் செல்லும் என்றால் அந்த ஆளும் மேலே போய்விட்டான். இரண்டு பேரும் உள்ளே, இல்லை இரண்டு பேரும் வெளியே. இருபத்துமூன்று வருடமாக நான் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிறேன், பிரியவில்லை. என் அம்மாவின் முகத்தை நினைத்தால் செல்லும் என்பேன். உடனே அந்த ஆள் மோட்சத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பது கண்ணுக்குத் தெரியும். செல்லாது, செல்லாது என்பேன். யாராவது கேட்டால் சிரிப்பார்கள். என் தம்பியை நான் எத்தனை தடவை நரகத்தில் தள்ளியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அந்த ஆளையும் சேர்த்துத் தள்ள வேண்டுமே என்பதற்காகத்தான்.

சலூனில் உட்கார்ந்ததை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. சொன்னால் மனஸ்தாபப்பட வேண்டும். வருத்தம் இல்லாமல் எப்படிச் சொல்வது? சொல்லாமல் நன்மை வாங்கக் கூடாது. நன்மை என்றால் பூசையில் கொடுக்கிற அப்பம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். என் மனைவி கேட்டுக் கேட்டு விட்டுவிட்டாள்.

இன்னொன்று கேளுங்கள். அம்பலம் வீட்டுக்காரர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தின் நடுவில், பெரிய சிலுவையடியில் இடம் இருக்கிறது. அவர் அப்பா, தாத்தா எல்லோரும் அங்கேதான். ஆனால் இவர் சாவதற்கு ஒரு மாதத்துக்கு முன்னாலேயே மகனிடம் சொல்லிவைத்திருக்கிறார், தன்னை மேற்குச் சுவர் ஓரமாக, இந்த இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று. செசிலிதான் சொன்னாள். “எதுக்கு மாமா அந்த முள்ளுக்கிட்டன்னு கேட்டோம்ண்ணே, கண்ண மூடிக்கிட்டாக” என்றாள். எனக்குத் தெரியாதா எதற்கென்று? செத்த பிறகும் காவல். என் தம்பி சுவர் ஏறிக் குதித்து உள்ளே வந்துவிடக் கூடாது என்று தலையைக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்துப் படுத்திருக்கிறார். சில நாள் வேறு மாதிரியும் தோன்றும். தோன்றினால் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

சரி, இப்போது புதுச் சாமியார் வந்தார். சின்ன வயது. மனுவைப் பார்த்தார், வந்து இடத்தைப் பார்த்தார், “முப்பது வருசமா இவர வெளிய வச்சதுக்கு நாமதான் மன்னிப்புக் கேக்கணும்” என்று பிரசங்கத்தில் சொன்னார். என் மனைவி தேம்பித் தேம்பி அழுதாள். வருகிற கல்லறைத் திருநாளுக்கு ஆயர் வந்து புது இடத்தை மந்திரிப்பார். என் தம்பி மந்திரித்த மண்ணுக்கு வந்துவிடுவான். நான் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. நேற்று நீங்கள் கயிறு பிடித்து அளந்தீர்களே, அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைசி நாளில் எக்காளம் ஊதும் மேஸ்திரி. கல்லறைகளெல்லாம் திறக்கும். செத்தவர்கள் அவரவர் உடம்போடு எழுந்து உட்காருவார்கள். இது நாங்கள் வாராவாரம் கோவிலில் எழுந்து நின்று சொல்கிற விசுவாசம். விளையாட்டு இல்லை. சுவர் இல்லாவிட்டால் என் தம்பி எழுந்து உட்கார்ந்ததும் முதலில் தெரிவது அந்த ஆளின் முதுகு. அம்பலத்துக்குக் கடைசி ஐந்து வருடம் முழங்கால் மடங்கவில்லை. குழியிலிருந்து தானாக ஏறமாட்டார். தட்டுத் தடுமாறுவார். என் தம்பி என்ன செய்வான் தெரியுமா? கையைக் கொடுத்துத் தூக்கிவிடுவான். “பாத்து ஏறுங்க அம்பலமே” என்பான். எனக்குத் தெரியும். அவன் அப்படிப்பட்டவன். யாரிடமும் கோபம் வைத்துக்கொள்ளத் தெரியாது. அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே போய்விடுவார்கள். அப்போது நான் எங்கே நிற்பேன்? நான் இத்தனை வருடம் இதை யாருக்காகச் சுமந்தேன்?

அதனால்தான் எட்டடி. சாமியாரிடம் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் ஒப்புக்கொண்டால் போதும்.

என்ன சொல்கிறீர்கள்? தனியாக எட்டடி நிற்காதா? ஐப்பசி மழைக்கே சாய்ந்துவிடுமா? அப்படியானால் முட்டுச்சுவர் கட்டுங்கள். அந்தச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். எந்தப் பக்கம் என்றால்... உள்பக்கம் கட்டுங்களேன். ஆமாம், அவர் கல் சுவரை ஒட்டி இருக்கிறது. அதைத் தொட்டால் செசிலி வீட்டில் விட மாட்டார்கள். அப்படியானால் இந்தப் பக்கம்தான். எவ்வளவு ஆழம் எடுக்க வேண்டும்? மூன்றடியா? அகலம் இரண்டடி.

இரண்டடி வந்தால் அவன் கால்மாட்டில் வரும்.

ஒன்றரை அடியில் முடியாதா? முடியாது. சரி. ஆட்கள் வருகிறார்கள். அவர்களிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். தோண்டச் சொல்லுங்கள் மேஸ்திரி. மெதுவாகத் தோண்டச் சொல்லுங்கள். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். பரவாயில்லை, அவனுக்கு ஒன்றும் ஆகாது. சின்ன வயதிலிருந்தே காலை மடக்கித்தான் படுப்பான்.